கிளிங்கன்பெர்க், 1975–76: 67 பேயோட்டல் அமர்வுகளும் ஒரு மரணமும் – நிகழ்வு ஆய்வு

பேய் பிடித்தவர் என்று சொல்லப்படும் ஒருவர், எதிரே கேள்வி கேட்கும் ஒருவர், ஒரே அறை. பேச்சை மட்டுமே நம்பி நகரும் உளவியல் திரில்லர்களுக்கு இது கைவந்த அமைப்பு. நோயா, பேயா என்ற கேள்வியை இரண்டு மணி நேரம் இழுத்துக்கொண்டு போனால் படம் நிற்கும். அப்படியொரு அறையில் நிஜமாகவே பத்து மாதம் நடந்த உரையாடலும், அதன் முடிவில் நேர்ந்த மரணமும் இங்கே பதிவாகின்றன. இடம், அன்றைய மேற்கு ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் மைன் ஆற்றங்கரையில் உள்ள கிளிங்கன்பெர்க் என்ற சிற்றூர். வழக்கு உலகறிந்தது. ஆனாலும் சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் இங்கே தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி

ஆழ்ந்த கத்தோலிக்கக் குடும்பம். தந்தை மர அறுவை ஆலை நடத்தினார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65-இல் உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய பேரவை) பிறகு திருச்சபையில் வந்த மாற்றங்கள், குறிப்பாக நற்கருணையை, அதாவது திருப்பலியில் தரும் அப்பத்தை, நாவில் வாங்காமல் கையில் வாங்கும் வழக்கம், இந்த வட்டாரத்தில் பலருக்கு உறுத்தலாக இருந்தன. பிறர் பாவங்களுக்குப் பரிகாரமாகத் தன் உடலை வருத்திக்கொள்வது புண்ணியம் என்ற எண்ணம் மகளுக்குச் சிறு வயதிலேயே ஊட்டப்பட்டிருந்தது. இந்த விவரம் பின்னால் முக்கியமாகும்.

1968-இல், 16 வயதில், பள்ளியில் சில நொடிகள் அவருக்கு நினைவு தப்பியது. அன்றிரவு தூக்கத்தில் விழித்தபோது கைகால் அசையவில்லை, மார்பில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் அழுத்தம், கூப்பிட நாக்கு எழவில்லை, படுக்கை நனைந்திருந்தது. நம் ஊர்களில் இதில் பாதியைக் கேட்டதும் 'அமுக்குவான் பேய்' என்றுவிடுவார்கள். ஆனால் பகலில் நினைவு தப்பியதையும் இரவில் சிறுநீர் பிரிந்ததையும் சேர்த்துப் பார்த்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வலிப்பு. ஏறத்தாழ ஓராண்டு கழித்து அது மறுபடியும் வந்தது. நரம்பியல் மருத்துவரைப் பார்த்தார்கள், மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுத்தார்கள்.

1970-இல் காசநோய்க்காக மிட்டெல்பெர்க்கில் ஒரு சானட்டோரியத்தில் சேர்க்கப்பட்டார். அங்கே மூன்றாவது முறை வலிப்பு வந்தது. ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்தைக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஜெபம் செய்யும்போது கோரமான முகங்கள் தெரிகின்றன என்று அவர் சொல்ல ஆரம்பித்ததும் இந்தக் காலத்தில்தான். மனப்பிறழ்வுக்கான பெரிசியாசின் மருந்தும் சேர்ந்தது. 1973-இல் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் படிப்பில் சேர்ந்தார். அந்த ஆண்டு நவம்பரில் வலிப்பு மருந்து கார்பமாசெபினுக்கு மாறியது.

கண்டவை, அவற்றுக்குக் கொடுத்த பொருள்

1973 முதல் 1975 வரை வீட்டாரும் நண்பர்களும் கவனித்தவை: வேறு யாருக்கும் தெரியாத எரிந்த நாற்றம், மலநாற்றம், 'நீ நரகத்துக்குத்தான் போவாய்' என்று பேசும் குரல்கள், பாடுபட்ட சுரூபத்தை (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்தை) பார்க்க முடியாத நிலை, கடும் மனச்சோர்வு. இத்தாலியில் சான் டாமியானோவுக்குத் திருயாத்திரை போனபோது சிற்றாலயத்துக்குள் நுழைய முடியவில்லை, காலடியில் தரை எரிகிறது என்றார். கூட வந்த குடும்ப நண்பர் ஒருவர் அப்போதே இது நோயல்ல என்று முடிவு கட்டிவிட்டார்.

காதுக்கு உட்புறமாக உள்ள டெம்போரல் லோப் என்னும் மூளை மடலில் வலிப்பு தொடங்கினால் உடல் வெட்டி இழுக்க வேண்டும் என்பதில்லை. காரணமில்லாத திடீர்ப் பயம், இல்லாத நாற்றம், முன்பே நடந்ததுபோன்ற உணர்வு, சிலரிடம் தீவிர மதச் சிந்தனை என்று வெளிப்படலாம். வலிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் எடுக்கும் ஒரு சாதாரண இ.இ.ஜி. சுத்தமாக இருந்தாலும் வலிப்பு இல்லை என்று ஆகிவிடாது. இன்னொன்று, வலிப்பு மருந்து வலிப்பைத்தான் கட்டுப்படுத்தும். குரல்களும் முகங்களும் தனியாக வேர் பிடித்துவிட்டால் அவற்றுக்குத் தனிச் சிகிச்சை வேண்டும், அதுவும் ஒரே மருத்துவரின் தொடர் கண்காணிப்பில்.

'ஐந்து வருடமாக மாத்திரை சாப்பிடுகிறாள், முகங்கள் போகவில்லையே' என்ற குடும்பத்தின் ஏமாற்றத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த மருந்து எதைக் குணமாக்கும், எதைக் குணமாக்காது என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தால் அடுத்த படி வேறாக இருந்திருக்கும்.

அனுமதி

அணுகிய முதல் பாதிரியார்கள் பேயோட்டும் சடங்குக்கு மறுத்தார்கள். மருத்துவத்தைத் தொடரச் சொன்னார்கள், ஆயரின் (பிஷப்பின்) அனுமதி இல்லாமல் எதுவும் முடியாது என்றும் விளக்கினார்கள். அது சரியான முடிவு. பிறகு எட்லெபன் என்ற ஊரின் பங்குத்தந்தை (அவ்வூர்த் தேவாலயத்தின் பாதிரியார்) ஒருவர் இவரைச் சந்தித்து, வலிப்பு நோயாளிபோல் தெரியவில்லை என்று நம்பி, ஆயரிடம் திரும்பத் திரும்ப வேண்டினார். இந்தத் துறையில் நூல் எழுதிய ஒரு முதிய இயேசு சபைத் துறவியும் சடங்குக்கு ஆதரவாகக் கருத்து சொன்னார். 1975 செப்டம்பரில் வூர்ட்ஸ்பர்க் ஆயர் இன்னொரு துறவிக்குப் பேயோட்டும் பொறுப்பைக் கொடுத்தார். நிபந்தனை ஒன்று இருந்தது: முழு ரகசியம்.

பின்பற்றிய நூல் 1614-ஆம் ஆண்டின் ரோமைச் சடங்கு நூல். பழைய நூல்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். அது முழு உண்மையல்ல. 'பேய் பிடித்திருக்கிறது என்று எளிதில் நம்பாதே' என்பது அந்த நூலின் தொடக்க விதிகளிலேயே இருக்கிறது. பேயோட்டுபவர் எந்த மருந்தும் கொடுக்கவோ பரிந்துரைக்கவோ கூடாது, அதை மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும் என்று ஒரு விதி. பாதிக்கப்பட்டவர் ஜெபிக்கவும் நோன்பிருக்கவும் வேண்டும் என்ற விதியும் உண்டு; ஆனால் அதிலேயே 'மனமும் உடலும் தாங்குமானால்' என்ற வாசகம் இருக்கிறது. சடங்கின் சொற்களைக் கடைப்பிடித்தார்கள். சடங்குக்கு முன் அச்சிட்டிருந்த எச்சரிக்கைகளை அப்படிக் கடைப்பிடிக்கவில்லை.

ரகசியம் என்ற நிபந்தனையின் விளைவு வேறு. அவதூறிலிருந்து மாணவியைக் காக்க அது உதவியிருக்கலாம். ஆனால் வெளியிலிருந்து எட்டிப் பார்க்கக்கூடிய கண்களையும் அது மூடிவிட்டது. சிகிச்சைப் பொறுப்பேற்ற மருத்துவர் எவரும் அந்த அறையில் இல்லை.

அறைக்குள் நடந்த உரையாடல்

முதல் அமர்வு 1975 செப்டம்பர் 24. வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ, சில அமர்வுகள் நான்கு மணி நேரம் வரை, மொத்தம் 67. நாற்பதுக்கும் மேற்பட்ட கேசட்டுகளில் பதிவானது. திரைக்கதை எழுதுபவர்கள் தேடிப்போவது இந்தக் கேசட்டுகளைத்தான்.

சடங்கின்படி பேயோட்டுபவர் கேட்க வேண்டிய கேள்விகள் குறிப்பிட்டவை: உன் பெயர் என்ன, எத்தனை பேர் இருக்கிறீர்கள், எப்போது வந்தீர்கள், ஏன் வந்தீர்கள். நம் கோடாங்கி உடுக்கை அடித்துக்கொண்டு 'யாரு நீ, எந்த ஊரு, எதுக்குப் பிடிச்ச, எப்பப் போவ' என்று கேட்பதும் ஏறக்குறைய இதே வரிசைதான். கேள்வி வடிவத்திலேயே ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது. 'உன் பெயர் என்ன' என்று உள்ளே இருப்பவரைக் கேட்டுவிட்டால், உள்ளே யாரோ இருக்கிறார் என்பது முடிவாகிவிட்டது. இனிப் பதில் சொல்பவர் ஒரு பெயரைத் தந்தாக வேண்டும்.

பெயர்கள் வந்தன. லூசிபர், காயின், யூதாஸ், நீரோ, ஹிட்லர். ஞானோபதேசமும் பள்ளி வரலாறும் படித்த எந்த ஜெர்மன் மாணவிக்கும் தெரிந்த பெயர்கள். ஆறாவது பெயர்தான் கேட்டவர்களை அதிர வைத்தது. பங்கிலிருந்து ஒழுக்கக் கேட்டுக்காக நீக்கப்பட்ட, அதிகம் பேர் அறியாத, 16-ஆம் நூற்றாண்டுப் பாதிரியார் ஒருவரின் பெயர். இவளுக்கு எப்படித் தெரியும் என்று வியந்தார்கள். அந்தப் பழைய பாதிரியார் இருந்த பங்கு எட்லெபன். அதாவது, அதே அறையில் உட்கார்ந்திருந்த பங்குத்தந்தையின் பங்கு. மறைவானதை அறிந்து சொல்வது சடங்கு நூலின்படி பேய்பிடித்தலுக்கான அடையாளங்களில் ஒன்று. ஆனால் அந்தத் தகவல் அறையில் இருப்பவர் ஒருவருக்கு ஏற்கெனவே தெரிந்ததென்றால் அடையாளம் செல்லாது. விசாரணை முறை தெரிந்தவர் முதலில் சரிபார்த்திருக்க வேண்டியது இதைத்தான்.

அந்தக் குரல்கள் பேசிய விஷயமும் கவனிக்கத்தக்கது. நற்கருணையைக் கையில் வாங்குவது தவறு, நவீனப் பாதிரியார்கள் திருச்சபையைக் கெடுக்கிறார்கள், மாதாவின் கட்டளையால்தான் இதைச் சொல்ல நேர்கிறது. அறையில் இருந்தவர்கள் முன்பே நம்பியவற்றை எதிரி வாயால் ஒப்புதல் வாக்குமூலமாகக் கேட்டார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு என்ன சான்று வேண்டும்? அமர்வுகள் தொடர்ந்ததற்கு இது ஒரு காரணம் என்பது எங்கள் மதிப்பீடு. பதில் கிடைக்கக் கிடைக்கக் கேள்வி கூடியது, கேள்வி கூடக் கூடக் குரல் பலமானது.

அந்த உறுமல் குரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. குரல் நாண்களுக்குச் சற்று மேலே உள்ள பொய்க்குரல் மடிப்புகளை இறுக்கி அதிர வைத்தால் எந்த மனிதத் தொண்டையிலிருந்தும் அது வரும். டெத் மெட்டல் பாடகர்கள் மேடையில் மணிக்கணக்கில் செய்வது இதைத்தான். 1973-இல் வந்த 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தில் சிறுமியின் வாயிலிருந்து வந்த பேய்க்குரல் மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்ற நடிகையுடையது. பச்சை முட்டையை விழுங்கியும் சிகரெட்டாகப் புகைத்தும் அவர் அதை வரவழைத்தார். குரலின் கரகரப்பு எதையும் நிரூபிக்காது.

அக்டோபர் இறுதியில் ஆறு பேரும் வெளியேறிவிட்டதாக அமர்வில் அறிவிக்கப்பட்டது. நன்றிப் பாடல் பாடி முடிப்பதற்குள் இன்னொரு குரல் தொடங்கியது. சடங்கு தன் அளவுகோலின்படியே ஒருமுறை 'வெற்றி' பெற்று, பலன் இல்லை என்று அன்றே தெரிந்துவிட்டது. நின்று யோசிக்க அதைவிட நல்ல இடம் அமையாது. நிற்கவில்லை.

உடல்

இடையிடையே அவர் பல்கலைக்கழகத்துக்கும் போய்வந்தார். பயத்தைக் கையாள்வதை மதக் கல்வியின் பணியாகப் பார்க்கும் ஆய்வேடு ஒன்றையும் எழுதினார். பேய் பிடித்தவர் என்றால் இருபத்து நான்கு மணி நேரமும் உறுமிக்கொண்டிருந்தார் என்ற படம் தவறு.

வீட்டில் நிலை வேறு. தரையில் தூங்கினார், ஈ, சிலந்தி, கரி ஆகியவற்றைத் தின்றார். ஒரு நாளில் 600 முறை வரை முழந்தாளிட்டு எழுந்தார். முழங்கால் தசைநார்கள் கிழிந்தன. சாப்பிடத் தனக்கு அனுமதியில்லை என்று குரல்கள் சொன்னதாகக் கூறி உணவை மறுத்தார். வழிதவறிய இளைஞர்களுக்காகவும் பாதிரியார்களுக்காகவும் செய்யும் பரிகாரம் என்று அவரே இதற்கு விளக்கம் வைத்திருந்தார். நோயாளி, குடும்பம், பாதிரியார் மூவரும் ஒரே விளக்கத்தை ஏற்றுக்கொண்டபோது மறுத்துப் பேச அங்கே யாரும் மிச்சமில்லை.

பட்டினி விளைவு மட்டுமல்ல, காரணமும்கூட. 1944–45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், உடலும் மனமும் நலமாக இருந்த 36 ஆண்கள் தாமாக முன்வந்து ஆறு மாதம் அரைப் பட்டினி இருந்தார்கள். அவர்களிடமே மனச்சோர்வும் எரிச்சலும் ஒரே எண்ணத்தில் சிக்கிக்கொள்ளும் போக்கும் தோன்றின. ஏற்கெனவே குரல் கேட்கும் ஒருவருக்குச் சோறு தண்ணீர் குறைந்தால் குரல்கள் அடங்குவதற்குப் பதில் கூடும். வலிப்பு மருந்தை ஒழுங்காக எடுக்கிறாரா என்பதும் சந்தேகமாகிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். கார்பமாசெபினைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு திரும்பும்.

முடிவு

கடைசி அமர்வு 1976 ஜூன் 30. நுரையீரல் அழற்சி, கடும் காய்ச்சல். நடக்கவே தாங்கிப் பிடிக்க வேண்டிய நிலையிலும் முழந்தாளிட முயன்றார். மறுநாள், ஜூலை 1 காலை, இறந்து கிடந்தார். வயது 23. பிரேதப் பரிசோதனை சொன்ன காரணம் ஊட்டமின்மையும் நீரிழப்பும். எடை 31 கிலோவுக்குச் சற்றுக் கீழே. உயரம் சுமார் 166 செ.மீ. என்றால் உடல் நிறைக் குறியீடு 11 சொச்சம்தான். 18.5-க்குக் கீழே போனாலே எடைக்குறைவு என்கிறோம்.

வழக்கு

1978 மார்ச் இறுதியில் அஷாஃபன்பர்க் நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் பெற்றோர் இருவர், பாதிரியார்கள் இருவர். கேசட்டுகள் நீதிமன்றத்தில் ஒலித்தன. குற்றம் சாட்டப்பட்டவர்களின் தரப்பு அவற்றைப் பேய்பிடித்தலுக்குச் சான்றாக வைத்தது. மருத்துவ நிபுணர்கள் வலிப்பு நோயும் மதச்சூழலில் ஊறிய மனப்பிறழ்வும் சேர்ந்த நிலை என்றார்கள். இறப்பதற்கு ஒரு வாரம் முன்புகூட அவரைக் காப்பாற்றியிருக்கலாம் என்பது அரசுத் தரப்பின் முடிவு.

ஆயர் சாட்சி சொல்ல வரவில்லை. அனுமதி கொடுத்தபோது உடல்நிலை இவ்வளவு மோசம் என்று தெரியாது என்றார். செப்டம்பர் 1975-ஐப் பொறுத்தவரை இதை ஏற்கலாம். ஆனால் அனுமதிக்குப் பின் பத்து மாதம் அறிக்கை கேட்டுக்கொண்டே இருப்பது யார் வேலை?

ஏப்ரலில் வந்த தீர்ப்பு: நால்வரும் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றவாளிகள். ஆறு மாதச் சிறை, நிறுத்திவைக்கப்பட்டு மூன்றாண்டு நன்னடத்தைக் காலம். பாதிரியார்களுக்கு அபராதம் போதும், பெற்றோர் ஏற்கெனவே பட்ட துயரமே போதும் என்று அரசு வழக்கறிஞர் கேட்டிருந்தார். நீதிமன்றம் அதைவிடக் கடுமையாக நின்றது. சிகிச்சை வேண்டாம் என்று அவரே சொன்னார் என்ற வாதமும் எடுபடவில்லை. தன் நிலையைத் தானே எடைபோட முடியாதவரின் மறுப்பு, அருகில் இருப்பவர்களின் பொறுப்பைப் போக்காது.

ஜெர்மன் ஆயர் பேரவையின் குழு ஒன்று பின்னர் இவர் பேய் பிடித்தவர் அல்லர் என்று சொன்னது. 1614 நூலுக்கு மாற்றாக 1999-இல் வத்திக்கான் வெளியிட்ட புதிய பேயோட்டல் சடங்கு, தேவைப்பட்டால் மருத்துவ, மனநல நிபுணர்களைக் கலந்துகொள்ளச் சொல்கிறது; ஊடகங்களுக்கு இடமில்லை என்கிறது.

2005-இல் இந்த நிகழ்வு அமெரிக்க நீதிமன்றப் படமாக வந்தபோது கூண்டில் நின்றது ஒரே ஒரு பாதிரியார். பெற்றோர் மீது வழக்கே இல்லை. கதைக்கு அது வசதி. 2006-இல் வந்த ஜெர்மன் படம் சிறப்பு ஒளி, ஒப்பனைத் தந்திரம் எதுவும் இல்லாமல் மாணவியின் வாழ்க்கையிலேயே நின்றது. அதில் நடித்த சாண்ட்ரா ஹியூலர் பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி பெற்றார். எங்கள் கணிப்பில் இரண்டில் உண்மைக்கு நெருங்கியது இதுதான்.

இன்று எதை மாற்றிச் செய்வது

மத நம்பிக்கையுள்ள குடும்பத்திடம் 'பேய் இல்லை' என்று வாதாடி ஜெயித்த மருத்துவர் அரிது. வாதாட வேண்டியதும் இல்லை. ஜெபம் நடக்கட்டும், மருந்தும் சாப்பாடும் நிற்கக்கூடாது என்ற ஒரே உடன்பாடு போதும். அதை எழுத்தில் வாங்கி, வாரம் ஒரு நாள், ஒரே எடைக்கருவியில், ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். எடை பார்ப்பவர் சடங்கில் பங்கெடுக்காதவராக இருப்பது நல்லது. நிறுத்தும் எல்லையை முன்கூட்டியே எண்ணாக வைக்க வேண்டும். பெரியவர்களில் உடல் நிறைக் குறியீடு 13-க்குக் கீழே போனால் உயிருக்கு அபாயம் அதிகம். இந்த மாணவியின் உயரத்துக்கு அது 36 கிலோ. அவர் அதையும் தாண்டி ஐந்து கிலோ கீழே போயிருந்தார்.

'இவ்வளவு தடவை முழந்தாளிடுகிறாள், பலம் இருக்கிறது' என்ற கணிப்பு ஏமாற்றும். பட்டினியில் இருப்பவர்களின் ஓயாத உடலசைவு பலத்தின் அடையாளமல்ல. அது மிச்சம் இருக்கும் தசையைத் தின்றுவிடும். பொட்டாசியம், பாஸ்பேட், சர்க்கரை, இ.சி.ஜி. பார்க்காமல் வெளித்தோற்றத்தை நம்பக்கூடாது.

பேசும் முறையும் மாற வேண்டும். குரல் கேட்கிறது என்பவரிடம் குரலோடு பேரம் பேசாமல் அவரோடு பேச வேண்டும். 'நீ யார்' என்பதற்குப் பதில் 'அந்தக் குரல் என்ன சொல்கிறது, அது சொல்வதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று பயப்படுகிறாய், கடைசியாக எப்போது சாப்பிட்டாய்' என்று கேட்கலாம். குறிப்பாகச் சாப்பிடாதே, குதித்துவிடு, வெட்டிக்கொள் என்று கட்டளையிடும் குரலா என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிட வேண்டும். கட்டளைக் குரல் என்றால் அன்றே மனநல மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

கடைசியாக, இப்படி ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்போது வீட்டார் செய்யும் பொதுவான தவறு ஒன்று உண்டு. பல நாள் பட்டினியிலிருந்து இறங்கியதும் பாலும் பழமும் பாயசமுமாக ஊட்டுவார்கள். திடீர் மாவுச்சத்து இன்சுலினை ஏற்றும், இரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சட்டென்று விழும், இதயம் நின்றுபோகலாம். முதலில் தயாமின் (வைட்டமின் பி1), பிறகு இந்த அளவுக்கு மெலிந்தவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 கிலோகலோரி என்று தொடங்கி, தினமும் இரத்தம் பார்த்து மெதுவாக ஏற்ற வேண்டும். 31 கிலோ எடைக்கு முதல் நாள் கணக்கு வெறும் 155 கிலோகலோரி, இரண்டு மூன்று இட்லிக்கு மேல் போகாது.